சிலுவை சுமத்தல் என்றால் என்ன?



தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றி வருகிறேன். ஒருநாள் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு நன்னெறிக் கல்வி நடத்திக்கொண்டிருந்தேன். பலவகைச் சமயத்தவரும் தத்தம் சமயத்தின் சின்னத்தைப் போற்றுகிறார்கள் என்பது பாடம். சிலுவையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அது அந்நாளில் குற்றவாளிகளைக் கொல்லப் பயன்பட்ட மரம் என்று சொன்னேன். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். பக்கத்தில் இருந்தவனின் சட்டைக்குள் கிடந்த சங்கிலியைக் காட்டி, "ஐயா, ஆளைக் கொல்ற மரத்தை இவன் ஏன் கழுத்துல மாட்டியிருக்கான்? தூக்குக் கயித்தை யாராவது மாட்டிக்குவாங்களா?" என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது. சங்கிலி போட்டிருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். பிள்ளை கேட்கும் கேள்வியைத் தள்ளிப் போடாதே என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் நான் தள்ளித்தான் போட்டேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சிலுவை அடையாளம் போட்டுப் பழகிய எனக்கே அந்தக் கேள்விக்குப் பட்டென்று பதில் வரவில்லை. இன்றைய உரை அந்தப் பையனுக்கு நான் தரவேண்டிய பதில். இன்னொருவருக்கும் நான் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். பையன் கேட்டது சரியான கேள்வி. ஆலயக் கோபுரத்திலும் கல்லறையிலும் பெண்களின் கழுத்திலும் பார்த்துப் பார்த்து, சிலுவை நமக்கு ஓர் அழகுப் பொருளாகிவிட்டது. ஏசு வாழ்ந்த காலத்து மக்களுக்கோ அந்தச் சொல்லைக் கேட்டாலே உடல் நடுங்கும். நம் முன்னோர் கழுமரம் என்று சொன்னார்களே, அத்தகைய பொருள் அது. நல்ல வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

ரோமானியர் தம் சொந்தக் குடிமக்களுக்குப் பெரும்பாலும் அந்தத் தண்டனையைக் கொடுப்பதில்லை. அது யாருக்கு என்றால் அடிமைகளுக்கு, கலகக்காரர்களுக்கு, கேட்க நாதியற்றவர்களுக்கு. ஸ்பார்ட்டகஸ் என்ற அடிமை வீரனின் தலைமையில் கி.மு. 73ஆம் ஆண்டில் இத்தாலியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் தோற்றபோது, பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவா நகரிலிருந்து ரோமாபுரி வரை செல்லும் சாலையின் ஓரத்தில் வரிசையாகச் சிலுவையில் அறைந்தார்கள். பாதையில் போகிற ஒவ்வோர் அடிமையும் அதைப் பார்க்க வேண்டும், பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதே நோக்கம். யூதர் நாட்டிலும் இது நடந்தது. ஏரோது மன்னன் கி.மு. 4ஆம் ஆண்டில் இறந்தபின் எழுந்த கலகத்தை அடக்க வந்த வாருஸ் என்ற ரோம ஆளுநர் ஏறத்தாழ 2,000 பேரைச் சிலுவையில் அறைந்தார். அப்பொழுது ஏசு சிறு குழந்தை. சிலுவை என்ற பேச்சு அவர் வளர்ந்த ஊர்களில் அடிக்கடி காதில் விழுந்திருக்கும்.

தண்டனை பெற்றவன் சிலுவையின் குறுக்குக் கட்டையைத் தானே சுமந்துகொண்டு போக வேண்டும். நேர்மரம் பெரும்பாலும் கொலைக்களத்திலேயே நட்டிருக்கும். சுமக்கும்போது அந்தக் கட்டை பிடரியிலும் இரு தோளிலும் அழுந்தும். இதைப் படிக்கும்போதெல்லாம் என் தந்தையாரின் தோள்தான் எனக்கு நினைவுக்கு வரும். அவர் பால்மரம் சீவியவர். காண்டாக் கட்டையின் இரு முனையிலும் பால் வாளியை மாட்டிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து நடந்து, தோளில் எலுமிச்சம்பழம் போல ஒரு காய்ப்பு இருந்தது. அவர் இறந்து குளிப்பாட்டும்போதும் அது இருந்தது. காண்டாவும் சிலுவையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அது பிழைப்புக்குரிய கட்டை, இது சாவுக்குரியது. ஆனால் மரம் தோளில் அழுந்துவது எப்படியிருக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

1968ஆம் ஆண்டில் எருசலேம் நகரின் வடபகுதியில் ஒரு பழைய கல்லறை வெளிப்பட்டது. எலும்புகளைச் சேர்த்து வைத்திருந்த கற்பெட்டி ஒன்றில் ஓர் ஆணின் குதிகால் எலும்பு கிடைத்தது. அதில் ஓர் இரும்பு ஆணி பாய்ந்தபடியே இருந்தது. ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் நீளம். ஆணியின் நுனி வளைந்துவிட்டதால் பிடுங்க முடியாமல் அப்படியே அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். ஏசு வாழ்ந்த அதே நூற்றாண்டைச் சேர்ந்த எலும்பு அது. யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை. அவன் என்ன செய்தான் என்று எந்தக் குறிப்பும் இல்லை.

இப்படிப்பட்ட சாவுதான் ஏசுவுக்கும் வந்தது. பொந்தியு பிலாத்து யூதேயாவின் ஆளுநராக இருந்தது கி.பி. 26 முதல் 36 வரை. அந்தப் பத்தாண்டுக்குள், யூதரின் பாஸ்கா பண்டிகைக் காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை அவரைக் கொல்கொதா என்னும் இடத்திற்குக் கொண்டு போனார்கள். அப்பெயருக்கு மண்டையோடு என்று பொருள். இந்தப் பக்கம் ஒரு கள்வன், அந்தப் பக்கம் ஒரு கள்வன். தலைக்கு மேல் யூதரின் அரசன் என்று கேலியாக ஒரு பலகை. நம் தோட்டத்து அறிவிப்புப் பலகையைப் போல அதையும் மூன்று மொழிகளில் எழுதினார்களாம். எபிரேயம், இலத்தீன், கிரேக்கம். கீழே காவல் நின்ற வீரர்கள் அவருடைய அங்கிக்குச் சீட்டுப் போட்டார்கள். சாகப் போகிறவனின் துணிக்குத்தான் அத்தனை போட்டி.

அவருடைய சீடர்களில் பெரும்பாலோர் ஓடிவிட்டார்கள். பெண்கள் சிலர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நற்செய்தி நூல்கள் மறக்காமல் சொல்கின்றன. ஆண்கள் ஓடியதையும் பெண்கள் நின்றதையும் அந்தக் காலத்து ஆண்களே எழுதி வைத்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

இப்படிச் செத்த ஒருவரைக் கடவுளின் மகன் என்று சொன்னால் அக்காலத்தில் யார் மதிப்பார்கள்? யூதரின் சட்ட நூலில், மரத்தில் தொங்கவிடப்பட்டவன் சாபத்துக்கு உரியவன் என்றே இருக்கிறது. கிரேக்கருக்கோ இது பைத்தியக்காரப் பேச்சு. பவுல் என்ற திருத்தூதர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய மடலில், நாங்கள் சொல்வது யூதருக்கு இடறலாகவும் பிறருக்கு மடமையாகவும் இருக்கிறது என்று மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். ரோமாபுரியில் ஒரு பழைய சுவரில் கீறப்பட்ட கேலிச்சித்திரம் ஒன்று 1857ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. சிலுவையில் ஓர் ஆள். அந்த ஆளுக்குக் கழுதைத் தலை. கீழே ஒருவன் கையை உயர்த்திக் கும்பிடுகிறான். அலெக்சாமெனோஸ் தன் கடவுளைக் கும்பிடுகிறான் என்ற கருத்தில் பக்கத்தில் கிறுக்கியிருக்கிறது. அந்த அலெக்சாமெனோஸ் யார் என்று நமக்குத் தெரியாது. கூட இருந்தவர்கள் கேலி செய்யத் தலை குனிந்து நின்ற ஒருவன் என்பது மட்டும் தெரிகிறது. அவனை நினைத்தால் என் வகுப்பில் சங்கிலியோடு தலை குனிந்த பையன்தான் கண்முன் வருகிறான்.

ஆகவேதான் முதல் சில நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் சிலுவையை அதிகம் வரையவில்லை. மீன், நங்கூரம், ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன் ஆகியவற்றையே வரைந்தார்கள். நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் கிறிஸ்தவர்களை ஆதரித்தார். சிலுவைத் தண்டனையும் நின்றது. கொல்லும் மரம் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் அது வணங்கும் சின்னமாகப் பரவியது. இதில் ஒரு நன்மையும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. அரசனின் கொடியிலும் வீரனின் கேடயத்திலும் ஏறிய சிலுவை பிற்காலத்தில் செய்த வேலைகள் எல்லாம் அந்த அடிமையின் சாவுக்குப் பெருமை சேர்ப்பவை அல்ல.

சரி, வேதாகமம் சிலுவைக்கு என்ன பொருள் சொல்கிறது? ஒரே பொருளைச் சொல்லவில்லை. பல உவமைகளால் சொல்லிப் பார்க்கிறது. பாஸ்கா இரவில் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி ஓர் உவமை. எகிப்தில் அடிமைகளாக இருந்த மக்கள் விடுதலை பெற்ற இரவு அது. மோசே பாலைவனத்தில் உயர்த்திய வெண்கலப் பாம்பு இன்னோர் உவமை. பிறர் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுத் துன்புறும் ஊழியனைப் பற்றி எசாயா தீர்க்கதரிசி பாடியிருப்பதையும் கிறிஸ்தவர்கள் ஏசுவுக்கே பொருத்துகிறார்கள்.

நமக்கு மிக எளிதில் விளங்குவது மீட்பு என்ற சொல். இதைக் கேட்டதும் ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளையின் பள்ளிச் செலவுக்குத் தாலிச் சங்கிலியை அடகு வைத்துவிட்டு, கெடு முடிவதற்குள் பணம் புரட்டிக்கொண்டு ஓடுகிறோமே, அதைத்தான் மீட்பது என்கிறோம். சங்கிலி தன்னைத் தானே மீட்டுக்கொள்ளாது. யாராவது விலை கொடுத்தாக வேண்டும். அந்தக் காலத்தில் அடிமைச் சந்தையிலும் இதே சொல்தான். விலை கொடுத்து ஓர் அடிமையை விடுவிப்பது மீட்பு. பலரை மீட்கும் விலையாகத் தம் உயிரைக் கொடுக்க வந்ததாக ஏசு தம் சீடர்களிடம் சொன்னார் என்று மாற்கு எழுதுகிறார். அந்த விலை யாரிடம் கொடுக்கப்பட்டது என்று கேட்டு ஆதிகாலத்து ஞானிகள் நீண்ட வாதம் செய்தார்கள். உவமையை அளவுக்கு மேல் இழுத்தால் அறுந்துபோகும். நமக்கு விலை என்ற சொல் போதும்.

சுவர் இடிந்தது என்பது மற்றோர் உவமை. எருசலேம் ஆலயத்தில் பிற இனத்தார் ஓர் எல்லையைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. தாண்டினால் சாவு என்று கிரேக்க மொழியில் எச்சரித்த கல் ஒன்று 1871ஆம் ஆண்டில் கிடைத்தது. அப்படி இருவேறாக நின்ற மக்களைப் பிரித்த பகைச் சுவரைச் சிலுவையால் தகர்த்தார் என்று எபேசியருக்கு எழுதிய மடல் சொல்கிறது. இதைப் படித்துவிட்டு நம் பக்கம் திரும்பினால் வெட்கமாக இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகத் தடுப்பு வைத்தே ஓர் ஆலயத்தைக் கட்டினார்கள். அந்தத் தடுப்பை அகற்றியபோது, அகற்றியது தவறு என்று நீதிமன்றத்துக்குப் போனவர்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேதான் போயிருப்பார்கள். நீதிமன்றம் அவர்கள் கேட்டதைக் கொடுக்கவில்லை.

இவையெல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய மடலில் உள்ள கருத்து. கடவுளின் தன்மையில் இருந்தவர் அடிமையின் கோலம் எடுத்து, சிலுவைச் சாவு மட்டும் தம்மைத் தாழ்த்தினார் என்கிறார். அடிமை என்ற சொல்லை அவர் வேண்டுமென்றே போட்டிருக்கிறார். சாலையோரத்தில் தொங்கிய அந்த 6,000 பேரின் வரிசையில் கடவுள் வந்து நின்றார் என்று பொருள். வகுப்பில் கேள்வி கேட்ட பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "தம்பி, இவனுடைய கடவுள் தண்டனை கொடுத்தவர்கள் பக்கம் நிற்கவில்லை, தண்டனை பட்டவர்கள் பக்கம் நின்றார். அந்த நினைவுக்காகப் போட்டிருக்கிறான்."

இனி அந்த இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு சிறுமியின் தாய். செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. கணவர் குடிப்பவர், குடித்தால் அடிப்பவர். பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்துப் போட வந்தபோது கண்ணுக்குக் கீழே கன்றியிருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "என்ன செய்றது ஐயா, ஆண்டவர் எனக்குக் கொடுத்த சிலுவை இது. சுமக்கத்தானே வேணும்" என்றார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? "ஆமாம் அம்மா, ஆளுக்கொரு சிலுவை இருக்கிறது. பொறுமையாக இருங்கள்" என்றேன். சொன்னதோடு, நல்ல வார்த்தை சொன்னதாக எனக்குள் ஒரு நிறைவும் இருந்தது.

அந்த நிறைவு நெடுநாள் நிற்கவில்லை. அவ்வாண்டு பெரிய வெள்ளியன்று நற்செய்தியை மெதுவாக வாசித்தபோதுதான் நான் சொன்னது எவ்வளவு தவறு என்று புரிந்தது.

சிலுவை ஏசுவுக்குத் தலைவிதியாக வந்ததல்ல. பயந்த ஆளுநரும் பொறாமை கொண்ட தலைவர்களும் காசு வாங்கிய ஒரு நண்பனும் சேர்ந்து செய்த அநியாயம் அது. அநியாயம் நல்லது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. ஏசுவும் அடிபடுவதைத் தேடிப் போகவில்லை. நாசரேத்து ஊரார் அவரை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடப் பார்த்தபோது அவர்கள் நடுவிலிருந்து விலகிப் போனார். ஆலயத்தில் கல்லெறிய வந்தபோது மறைந்து வெளியேறினார். கடைசி இரவில் தோட்டத்தில் முழந்தாளிட்டு, இந்தத் துன்பக் கிண்ணம் என்னைவிட்டு நீங்கக்கூடாதா என்று தந்தையிடம் கெஞ்சினார். பிடிபட்டபின் விசாரணையில் ஒரு காவலன் அவர் கன்னத்தில் அறைந்தபோது வாய்மூடி நிற்கவில்லை. நான் பேசியதில் தவறிருந்தால் எடுத்துக்காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். யோவான் நற்செய்தி பதினெட்டாம் அதிகாரத்தில் இது இருக்கிறது. எத்தனையோ முறை படித்தும் எனக்கு உறைக்காத இடம்.

தம்மைப் பின்பற்றுகிறவன் நாள்தோறும் தன் சிலுவையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஏசு சொன்னது உண்மையே. ஆனால் எடுத்துக்கொள்வது வேறு. ஒருவன் நம் தலையில் ஏற்றுவது வேறு. பிறர் நலத்துக்காக, நியாயத்துக்காக, தெரிந்து, மனம் ஒப்பி ஏற்கும் துன்பமே சிலுவை. பிள்ளை படிக்க வேண்டும் என்று தாய் இருட்டில் எழுந்து வேலைக்குப் போகிறாளே, அதைச் சிலுவை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். குடித்துவிட்டு வந்தவனின் கை சிலுவை ஆகாது.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, பேதுரு எழுதிய மடலில் கொடிய எசமானுக்கும் அடங்கியிருங்கள் என்றும், கிறிஸ்து பாடுபட்டதை நினைத்துப் பொறுங்கள் என்றும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அது விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகளுக்கு எழுதியது. ஓடினால் பிடித்துச் சூடு போடுவார்கள். முறையிட ஓர் இடமில்லை. வேறு வழியே இல்லாதவனுக்குச் சொன்ன ஆறுதலை, வழி இருப்பவருக்குப் பூட்டாக மாட்டக்கூடாது. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டில் குடும்ப வன்முறைச் சட்டம் இயற்றப்பட்டு 1996ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அடிபட்ட மனைவி காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். பாதுகாப்பு ஆணை கேட்கலாம். காவல் நிலையத்துக்குப் போனால் விசுவாசம் குறைந்துவிடாது.

பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கர் நடத்தும் சிலுவைப் பாதையில் 14 நிலைகள் உண்டு. ஐந்தாவது நிலையில் சீரேனே ஊரைச் சேர்ந்த சீமோன் வருகிறார். சீரேனே ஆப்பிரிக்காவின் வடகரையில், இன்றைய லிபியாவில் உள்ள இடம். வெளிக்காட்டிலிருந்து ஊருக்குள் வந்துகொண்டிருந்த மனிதர். அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. வீரர்கள் பிடித்து இழுத்து ஏசுவின் கட்டையை அவர் தோளில் ஏற்றினார்கள். அலெக்சாண்டருக்கும் ரூபுவுக்கும் தகப்பன் அவர் என்று மாற்கு பெயர் சொல்லி எழுதுகிறார். அந்தப் பிள்ளைகளைப் பிற்காலச் சபையார் அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர் சொல்ல வேண்டிய அவசியமில்லை. கட்டை சுமந்தவரைப் பொறுமையாக இரு என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் பெயர் எதுவும் அதில் இல்லை.

அந்தத் தாய் மறுபடி வந்தது பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம். இம்முறை கையில் கட்டுப் போட்டிருந்தார். நான் சிலுவையைப் பற்றிப் பேசவில்லை. நான் முன்பு சொன்னது தவறு என்று மட்டும் சொன்னேன். அவர் சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அப்ப நான் போகலாமா ஐயா?" என்று கேட்டார். என் மனைவியும் நானும் அவரோடு காவல் நிலையத்துக்குப் போனோம். மறுநாள் அவருடைய அண்ணன் இருக்கும் ஊரிலுள்ள பள்ளிக்குப் பிள்ளையை மாற்றுவதற்கான கடிதத்தை எழுதினேன்.

புறப்பட்ட நாள் காலையில் தாயின் ஒரு கை கட்டிலும் மறு கை துணி மூட்டையிலும் இருந்தன. சிறுமி தன் புத்தகப் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். நம் பள்ளிப் பிள்ளைகளின் பை என்ன கனம் என்று உங்களுக்கே தெரியும். அதை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். பேருந்து நிற்கும் சாலை வரை அரை மைல் தூரம், மூவரும் நடந்தோம்.